எரியுதோ, இல்லையோ?

அவரிடம் ஒரு விளக்கு வாங்குவதென்றால் வாயைத் திறந்து "யெஸ்" சொல்ல வேண்டும். தலையாட்டினால் காணாது. பெருவிரலை உயர்த்திக் காட்டினாலும் போதாது. அவர் விற்ற விளக்கு கடுகளவுதான். அதிலிருந்து தலைமயிர் மொத்தத்தில் இரண்டு கம்பிகள் தொங்கும். மாதிரி ரயில் ஓட்டுகிறவர்கள் தங்கள் குட்டி நிலையங்களுக்கும் குட்டித் தெருக்களுக்கும் அதை வாங்கிப் பூட்டுவார்கள். அவர் அந்தக் கம்பிகளை மேசையில் இருந்த அடாப்டரின் கவ்வியில் தொடுவார். வெளிச்சம் வந்ததும் வாங்குகிறவரின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார்.

"யெஸ் ஓர் நோ?"

"யெஸ்" என்ற பிறகுதான் அது பைக்குள் போகும். பிறகு அடுத்தது. முப்பது விளக்கு வாங்க வந்தவர் முப்பது தடவை சொல்ல வேண்டும். பின்னால் வரிசை நீளும், பெருமூச்சுகள் கேட்கும். அவருடைய காது அந்தப் பக்கம் திரும்பாது.

மாதிரி ரயில் கண்காட்சியில் என்னுடையது பக்கத்து மேசை. நான் மரம் விற்கிறவள். இரண்டு அங்குல மரம். கிழமை நாட்களில் மோர்னிங்சைட்டில் ஒரு மருந்தகத்தில் வேலை. முன்பெல்லாம் பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடுகளுக்குக் கேக் அலங்காரம் செய்தேன். மிச்சக் கம்பியில் விளையாட்டாக முறுக்கிய ஒரு மாமரத்தை யாரோ ரயில் பைத்தியம் கண்டு கேட்கப்போய் இந்தத் தொழில் என்னோடு ஒட்டிக்கொண்டது. நான் மரத்தைக் கொடுத்தேன், காசை வாங்கினேன், அடுத்த ஆளைப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு மனுசி ஒவ்வொரு கடுகுக்கும் சாட்சி கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? முதல் வருடம் எனக்கு விசர்தான் பிடித்தது.

"அன்ரி, எல்லாம் எரியுந்தானே? வீட்டில பாத்துத்தானே கொண்டு வாறியள்?"

"ஓம், நான் பாத்தன். அவர் பாக்கேல்லையே."

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் விட்பியிலிருந்து போன் வரும். இப்போது அங்கே மகளுடைய புதுவீட்டில் இருக்கிறார். நான் சொல்லுவது அவர் மல்வேர்னில் தனியாக இருந்த காலம். சித்திரை பிறந்து வெயில் அடித்தாலும் பனிச் சப்பாத்தைக் கழற்றமாட்டார். தலையில் ஒரு நெற்றிவிளக்கு. கண்ணாடிக்கு மேலே இன்னொரு கண்ணாடி. கண்காட்சிக்கு வருகிற வெள்ளைக்காரருக்கு அவர் "லைற் லேடி". எனக்கு அன்ரி.

அந்தக் கண்காட்சி வசந்தத்தில் ஒரு சனி, ஞாயிறு. மண்டபத்தின் நடுவே ரயில்கள் ஓடும். சுவரோரமாக எங்களைப் போன்ற சில்லறை வியாபாரிகள் இருப்போம். ஒருவர் ரயில் உருளுகிற சில்லு மட்டும் விற்பார். ஒருவர் பெட்டிகளில் ஒட்டுகிற எழுத்து மட்டும். ஒவ்வொருவரிடமும் ஒரு சாமான்தான், ஆனால் அதில் அவரிடம் இல்லாதது கிடையாது. சனம் வரும், கையில் எடுத்துப் பார்க்கும், விளக்கமெல்லாம் கேட்கும், படம் பிடிக்கும், வீட்டுக்குப் போய் ஒன்லைனில் வாங்கும். சில்லுக்காரர் ஒவ்வொரு வருடமும் "இதுதான் கடைசி" என்றுவிட்டு அடுத்த வருடமும் வந்தார். எனக்கும் பயம் இருந்தது. அன்ரிக்கு இருந்ததா என்று தெரியாது. அவர் அடுத்த விளக்கைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காரில் போகும்போது கேட்டேன், ஏன் இப்படி ஒவ்வொன்றாகக் காட்டுகிறீர்கள் என்று. கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"ஸ்காபரோவில ஒரு ஃபக்டரியில இருபத்திரண்டு வருஷம் விளக்குக் கம்பி சோல்டர் பண்ணினன், பிள்ளை. தட்டு நிரம்பினவுடனை மற்ற அறைக்குக் கொண்டு போவாங்கள். அங்கைதான் கரண்ட் குடுத்துப் பாக்கிறது. பிழையெண்டால் திரும்பி வரும். சரியெண்டால் ஒண்டும் வராது. நான் செய்தது ஒண்டு எரிஞ்சதைக் கண்ணாலை காணேல்லை."

பிறகு ஃபக்டரியை மூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிழவரின் நிலக்கீழ் அறையில் ரயில் நிலையம் ஒன்று இருளில் கிடந்தது. இவர் போய் ஒரு கம்பியை ஈயத்தால் பற்றவைத்தார். விளக்கு எரிந்தது. கிழவர் "யெஸ்!" என்று கத்தினாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் கொஞ்சம் சிரித்தார்.

ஒன்லைனில் போடுவோம் என்று அவரை இழுத்தவள் நான்தான். காலத்தோடு ஓடாவிட்டால் ஒருநாள் மேசையும் போய்விடும், வியாபாரமும் போய்விடும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். "போடும்" என்றார். போட்டேன். படம் எடுத்தேன், விலை எழுதினேன். முதல் ஓடர் சஸ்கச்சுவானில் ஒரு கமக்காரரிடமிருந்து வந்தது, இருபத்துநான்கு விளக்கு. நான் பொதி செய்யப் பெட்டியோடு மல்வேர்னுக்குப் போனேன்.

"அவருக்கு ஆர் காட்டுறது?" என்றார் அன்ரி.

"ஒருத்தரும் காட்டுறேல்லை. தபாலில அனுப்புறதுதான்."

"அப்ப அனுப்பேலாது."

கடைசியில் வாட்ஸ்அப்பில் அந்த மனுசனைக் கூப்பிட்டோம். அவர் உழவு யந்திரக் கொட்டகையில் நின்றார். நான் போனைப் பிடிக்க, அன்ரி குசினி மேசையில் ஒவ்வொன்றாகத் தொட, இருபத்துநான்கு "யெஸ்" வந்து சேர்ந்தது. எனக்குத் தோள்மூட்டு இறங்கிவிட்டது. அந்த மனுசனோ போனை வைக்கிறாரில்லை. தன்னுடைய பாலம், சுரங்கம், தானியக் களஞ்சியம் எல்லாம் காட்டி, மனைவியையும் கூப்பிட்டு இவருக்கு அறிமுகப்படுத்தினார். இதற்கு ஒன்லைன் என்ன மண்ணாங்கட்டிக்கு என்று நான் புறுபுறுத்துக்கொண்டே பொதியை ஒட்டினேன். அடுத்த மாதம் அதே ஊரிலிருந்து மூன்று ஓடர் வந்தது. மூன்று பேரும் முதல் வரியிலேயே எத்தனை மணிக்குக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சுற்றினேன்.

அன்ரி மேசையில் இருந்து சாப்பிடமாட்டார். ஈயம் பட்ட கை என்று சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவி, வெளியே என் காருக்குள் போயிருந்து, கொண்டுவந்த ரோல்ஸைத் தின்றுவிட்டு, திரும்பவும் கழுவிக்கொண்டுதான் வருவார். அந்த அரைமணி நேரம் அவருடைய மேசையையும் நான்தான் பார்ப்பேன். விற்கக் கூடாது, "ஷி இஸ் கமிங்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு.

அந்தச் சனிக்கிழமை கண்காட்சியின் பெரிய சோடனை ஒரு நகரத்து ரயில் நிலையம். மூன்று மணிக்கு மண்டபத்து வெளிச்சத்தைக் குறைத்து, பிளாட்பாரத்து விளக்குகளைப் போட்டுக் காட்டுவதாக இருந்தார்கள். விளக்கு அன்ரியுடையது, இருபது. ஓடர் கொடுத்தவர் கண்காட்சிக் குழுவின் செயலாளர். யாருக்கு மேசை, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கிற நெடிய மனுசன். அன்ரி சாப்பிடப் போய்ச் சரியாக ஐந்து நிமிடத்தில் ஒருவர் எங்களைக் கடந்து போகிற போக்கில், "பிளாட்பார விளக்கு இன்னும் வரவில்லையாம், அவர் தேடுகிறார்" என்றார்.

அன்ரியின் சாமானெல்லாம் மாத்திரைப் பெட்டிகளில்தான் இருக்கும். ஏழு நாளுக்கு ஏழு அறை கொண்ட பெட்டி. மருந்தகத்தில் கழித்ததை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு பெட்டியின் மூடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு இருந்தது. திறந்து எண்ணினேன், இருபது. எங்கள் மருந்தகத்தில் சிவப்புப் பொட்டு என்றால் ஒருவருக்காக எடுத்து வைத்தது, அவர் வந்ததும் கொடுக்க வேண்டியது. ஒன்பது வருடப் பழக்கம். கை தானாகவே எடுத்துவிட்டது. அன்ரிக்கு அந்தப் பொட்டு வேறு என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவருக்கு அது அரைகுறை வேலையின் அடையாளம். விளக்கு மின்சாரத்தைத் தாங்குவதற்கு அரிசிமணி அளவில் ஒரு ரெசிஸ்டரைக் கம்பியில் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். அது இன்னும் சேர்க்காத விளக்குகள். சரியான இருபதும் செயலாளரின் பெயர் எழுதி அன்ரியின் பைக்குள் கிடந்திருக்கிறது.

நான் கொண்டு ஓடினேன். செயலாளர் அந்த ரயில் நிலையம் இருந்த மேசைக்குக் கீழே மல்லாக்கப் படுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. கையொன்று நீண்டது. பெட்டியை அதில் வைத்தேன்.

"எரியவைத்துப் பார்த்ததா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"யெஸ்" என்றேன் நான்.

என் மேசையில் இரண்டு பேர் மரம் வாங்க நின்றார்கள். அதுதான் அவசரம். அதற்கு மேல் ஒரு நியாயமும் என்னிடம் இல்லை. அன்ரி வந்ததும் சொல்லியிருக்கலாம். காட்டாமல் கொடுத்தேன் என்று சொன்னால் பேச்சு விழும் என்று அதையும் விழுங்கிவிட்டேன்.

அன்ரி கை கழுவி வந்து சேரவும் மூன்று மணிக்கு மண்டபம் மங்கவும் சரியாக இருந்தது. சனம் கூடி நின்றது. யாரோ ஆங்கிலத்தில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணினார்கள். தன் விளக்கு பைக்குள் இருக்க எதை எரிக்கப்போகிறார்கள் என்று அன்ரியும் இரண்டு கண்ணாடிகளையும் சரிசெய்துகொண்டு நின்றார். நிலையம் முழுவதும் ஒருமுறை நீலமாகப் பளிச்சிட்டது. பிறகு இருட்டு. பிறகு ஒரு கருகல் மணம். சில பிள்ளைகள் கைதட்டினார்கள், அப்படித்தான் காட்டுவது என்று நினைத்து.

செயலாளர் கருகிய விளக்கொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். அன்ரி அதை வாங்கி, கம்பியை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு தன் மேசையைப் பார்த்தார். பொட்டு வைத்த பெட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"ஸாரி. மை மிஸ்டேக்" என்றார்.

நான் கையில் ஒரு வேப்பமரத்தோடு நின்றேன். அவர் பைக்குள்ளிருந்து சரியான பெட்டியை எடுத்து, அந்த இடத்திலேயே இருபதையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். செயலாளர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருபது தடவை "யெஸ்" சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நிலையம் அழகாக எரிந்தது. ஆனால் சனம் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியா கதைக்கும்? சில்லுக்காரர் என்னிடம் வந்து, "லைற் லேடிக்கும் வயதாகிவிட்டது, என்ன?" என்றார். நான் குனிந்து மரங்களைத் திருப்பி அடுக்கினேன்.

தைமாதம் குழுவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அன்ரியின் மின்னஞ்சல்களைப் பார்ப்பதும் நான்தான். சனம் இப்போது வேண்டியதை ஒன்லைனில் வாங்குவதால் அடுத்த கண்காட்சியில் வியாபாரிகளின் மேசைகளைப் பாதியாகக் குறைக்கப்போகிறார்களாம். தொடர விரும்புகிறவர்கள் தங்கள் மேசை ஏன் வேண்டும் என்று எழுதி அனுப்ப வேண்டுமாம். கீழே செயலாளரின் பெயர். எனக்கு உடனே நீலப் பளிச்சுத்தான் கண்ணுக்குள் வந்தது. பாதிப் பேரைக் கழிப்பதென்றால் முதலில் யாரைக் கழிப்பார்கள்?

போனில் அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். என்ன எழுத என்று கேட்டேன்.

"வந்து பாருங்கோ எண்டு எழுதும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். அடுப்பில கறி கிடக்கு, வைக்கிறன்."

அவருடைய குசினிக் கலண்டரில் அந்தச் சனி, ஞாயிறை அவர் எப்போதோ வட்டம் போட்டு வைத்திருந்ததை நான் கண்டிருந்தேன். அந்த இரண்டு நாளுக்காகத்தான் வருடம் முழுவதும் குனிந்திருந்து பற்றவைப்பார். அதை என்னுடைய ஒரு "யெஸ்" தின்னப்போகிறது. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். முதலில் அன்ரி சொன்ன வரி. அதற்குக் கீழே, அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தது நான், எரியவைத்துப் பார்த்ததாகச் சொன்ன பொய் என்னுடையது, ஒரு மேசையைக் குறைப்பதென்றால் என்னுடையதைக் குறையுங்கள் என்று எழுதினேன்.

பதினொரு நாள் பதில் இல்லை. மருந்தகத்தில் ஒருவருடைய மருந்தை மூன்று தரம் எண்ணினேன். அந்தப் பதினொரு நாளும் நான் அன்ரிக்குப் போன் எடுக்கவில்லை, எடுத்தால் உளறிவிடுவேன் என்று.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் செயலாளர் கூப்பிட்டார். நான் பின்னறைக்கு ஓடினேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"உங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி. ஆனால் அது எனக்கு அன்றைக்கே தெரியும்."

"எப்படி?"

"மேசைக்குக் கீழே படுத்திருக்கிறவனுக்குச் சப்பாத்துத்தானே தெரியும்? நான் கண்டது வெள்ளைச் சப்பாத்து. அவர் பனிச் சப்பாத்தை எப்போதாவது கழற்றியிருக்கிறாரா?" சிரித்தார். "சப்பாத்தை விடுங்கள். அவர் கொண்டுவந்திருந்தால் என்னை வெளியே வரவைத்திருப்பார். இருபது தடவை என் வாயால் சொல்ல வைத்திருப்பார். நான் ஒரு தடவை கேட்டேன், நீங்கள் ஒரு தடவை சொன்னீர்கள். எரிந்து போனதும் விளங்கிவிட்டது. நானும் சோதிக்காமல் பூட்டினேன், அது என் பிழை."

அப்படியானால் மேசை? என்று கேட்டேன்.

"அவருடையதை எடுக்கிற யோசனை ஒருபோதும் இருக்கவில்லை. பெட்டியில் அடைத்து வருகிற சாமானை அப்படியே விற்கிற பெரிய கடைகளைத்தான் குறைக்கிறோம். அதை எல்லோரும் வீட்டில் இருந்தே வாங்குகிறார்கள். அவருக்கு வாசலுக்குப் பக்கத்தில் இடம் தரப்போகிறோம், அந்த வரிசை வழியை மறிக்கிறது. உங்கள் மரங்களும் வரட்டும். சில்லுக்காரரும் வருவார், அழுதுகொண்டு."

போனை வைத்துவிட்டு அப்படியே மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் தரையில் இருந்துவிட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. பசித்தது. அந்த நேரம் பசித்ததை நான் மறக்கமாட்டேன்.

வேலை முடிந்ததும் நேரே மல்வேர்ன். அன்ரி குசினி மேசையில் நெற்றிவிளக்கோடு இருந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். மேசை இருக்கிறது என்று தொடங்கி, பொட்டு, பெட்டி, சப்பாத்து, கடிதம் எல்லாம். அவர் கம்பியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும், பிள்ளை. பொட்டு வைச்ச பெட்டியைக் காணேல்லை. நான் எடுக்கேல்லை. பேந்து ஆர் எடுக்கிறது?"

"ஏன் அன்ரி அப்ப சொல்லேல்லை? உங்கடை பிழை எண்டெல்லோ சொன்னியள்."

"உம்மைச் சொன்னால் உம்மடை மேசையை எடுத்துப்போடுவாங்கள். எனக்கெண்டால் போனில கூப்பிட்டுக் காட்டி விக்கலாம். உந்த மரத்தை நேரில பாக்காமல் ஆர் வாங்குவினம்?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் ஒரு விரலை உயர்த்தினார். அவருக்குக் கோபம் வந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

"எரிஞ்சு போனது பிழையில்லை. அவசரத்தில ஆருக்கும் வரும். ஆனால் அவன் சொல்லவேண்டிய யெஸ்ஸை நீர் சொல்லிப்போட்டீர். அது இனி வேண்டாம்."

"இல்லை, அன்ரி."

காணும் என்பதுபோலத் தலையை அசைத்தார். செய்துகொண்டிருந்த விளக்கை எடுத்துக் கவ்வியில் தொட்டு, என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"எரியுதோ, இல்லையோ?"

"ஓம் அன்ரி" என்றேன். கண் நிறைந்து, அவருடைய கைகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அவர் விளக்கைப் பைக்குள் போடவில்லை.

"கண்ணைத் துடைச்சுப்போட்டு வடிவாப் பாத்துச் சொல்லும்."